காவிரி மகசீரும் கேழ்வரகு இரையும்

சென்னை மாகாணத்துச் சிவில் அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் நூலில் மகசீர் மீனின் பராக்கிரமத்தை விஸ்தாரமாக வர்ணித்தார். அம்மீனை நாடிக் காவிரிக்கு வந்த தூண்டிற்காரர்களுக்கு உற்ற துணையாயிருந்தது, கரைவாசிகளின் அன்றாட ஆகாரமாகிய கேழ்வரகே. மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சங்காயளவு உருட்டி, ரப்பர்போல் இறுகும்வரை வேகவைத்து, முள்ளை அதனுள் பொதித்து, பாறைகளுக்கிடையே நீர் சுழித்தோடும் மடுக்களில் எறிவார்கள்; சிறுமீன்கள் கொத்திக் கரைத்துவிடாதபடி காக்கும் அந்தக் கடினத்தில்தான் இவ்விரையின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மைசூரில் விலங்குகளைப் பாடம்பண்ணும் தொழில் நடத்திய வான் இங்கன் சகோதரர்களில் ஒருவர் 1946இல் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு. காவிரிக்கே உரிய திமில் மகசீரோ, 2018இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆதலால், தூண்டிலில் தற்செயலாக அகப்படும் மகசீரை உயிரோடு ஆற்றில் விட்டுவிடுமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.