போன் சூடானா ஏன் ஸ்லோ ஆகுது? பிராசஸருக்குள் நடப்பது என்ன?

வெயிலில் நின்று வீடியோ கால் பேசினால், கொஞ்ச நேரத்தில் போன் சூடாகித் திணற ஆரம்பிக்கும். 'போன் போச்சு' என்று பதற வேண்டாம். பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது.

பிராசஸரின் வேலை மூன்றே படிகள்தான். மெமரியில் இருந்து ஒரு கட்டளையை எடுக்கும், அது என்ன என்று புரிந்துகொள்ளும், செய்து முடிக்கும். உடனே அடுத்த கட்டளை. இதற்குத் தாளம் போடுவது 'கிளாக்'. 3 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்புகள்!

1971-ல் வந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2023-ல் வந்த ஆப்பிள் ஏ17 புரோ சிப்பில் 1,900 கோடி. இந்தக் குட்டி ஸ்விட்ச்கள் மாறி மாறி இயங்கும்போது மின்சாரம் வெப்பமாகிறது. லேப்டாப்பில் அந்தச் சூட்டை வெளியேற்ற பெரும்பாலும் ஃபேன் இருக்கும். பெரும்பாலான போன்களில் கிடையாது.

அதனால் சூடு எல்லை தாண்டினால், கிளாக்கின் வேகம் தானாகவே குறைக்கப்படும். சூடு தணியும், கூடவே போனும் ஸ்லோ ஆகும்.

என்ன செய்யலாம்? சார்ஜரைக் கழற்றுங்க, கவரை எடுங்க, நிழலில் வைங்க. ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீங்க. உள்ளே நீர்த்துளி படிந்து போனே பழுதாகலாம்.