டிக்கெட்டே இல்லாம ஒரு நாட்டையே சுத்திப் பார்க்கலாமா? லக்சம்பர்க் நகரங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐரோப்பா டூர் என்றாலே பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து என்றுதான் பலரும் திட்டம் போடுவார்கள். ஆனால், பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவில் இருக்கும் குட்டி நாடான லக்சம்பர்க்கில் பஸ், ரயில், டிராம் எதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம். அங்கே என்னென்ன பார்க்கலாம்? விசாவில் எதைக் கவனிக்கணும்? விரிவாகப் பார்ப்போம்.

எவ்வளவு சின்ன நாடு?

மொத்தப் பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர்தான். வடக்கிலிருந்து தெற்கு வரை சுமார் 82 கிலோமீட்டர். அதனால் தலைநகரில் ஒரே ஹோட்டலில் தங்கிக்கொண்டு, தினமும் ஒரு ஊர் என்று போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

உண்மையிலேயே இலவசமா?

ஆமாம். 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்கப் பொதுப் போக்குவரத்து இலவசம். உள்ளூர் மக்களுக்கு மட்டுமல்ல, சுற்றுலாப் பயணிகளுக்கும்தான். பக்கத்து நாடுகளிலிருந்து தினமும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கு வந்து போவதால் சாலைகளில் கடும் நெரிசல். காரை விட்டுவிட்டு மக்கள் ரயிலுக்கு மாறட்டும் என்பது இந்தத் திட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

ஆனால் இரண்டு விஷயங்களில் உஷார்! ரயிலில் முதல் வகுப்பில் ஏறினால் கட்டணம் உண்டு. எல்லையைத் தாண்டினாலும் டிக்கெட் வேண்டும். ஜெர்மனியின் டிரியர் நகரத்துக்கோ, பிரான்ஸின் மெட்ஸ் நகரத்துக்கோ போகும்போது, 'எல்லாம் ஃப்ரீதானே' என்று உட்கார்ந்திருந்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

லக்சம்பர்க் சிட்டி: பாறைக்குள் ஒரு கோட்டை

கி.பி. 963-ல் சீக்ஃப்ரீட் என்ற பிரபு 'பொக்' எனும் பாறையை நிலப் பரிமாற்றத்தில் பெற்றுக் கோட்டை எழுப்பிய இடம்தான் இன்றைய தலைநகரம். பின்னாளில் ஸ்பெயின், பிரான்ஸ், ஆஸ்திரியா என ஆண்டவர்கள் எல்லாரும் கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டே போனார்கள். 'வடக்கின் ஜிப்ரால்டர்' என்றே பெயர் வந்தது. 1867 லண்டன் ஒப்பந்தப்படி கோட்டையை இடித்தார்கள். ஆனாலும் பாறைக்குள் குடைந்த சுரங்கப் பாதைகளில் 17 கிலோமீட்டர் இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மக்கள் குண்டுவீச்சுக்குத் தப்பி ஒளிந்ததும் இங்கேதான்.

பழைய நகரமும் கோட்டையும் 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. 'கோர்னிஷ்' நடைபாதையில் நடந்தால் பள்ளத்தாக்கு முழுசும் கண்ணில் விழும். கீழே இருக்கும் ஃபாஃபென்தால் பகுதிக்குப் போக கண்ணாடி லிஃப்ட் உண்டு. அதுவும் இலவசம்தான்!

எஷ்: இரும்பு ஆலை பல்கலைக்கழகம் ஆன கதை

நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் எஷ்-சுர்-அல்செட். தலைநகரிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரம். லக்சம்பர்க்கை முதலில் பணக்கார நாடாக்கியது வங்கிகள் அல்ல, இந்தப் பகுதியின் இரும்புத் தாதுவும் எஃகும்தான். பெல்வால் பகுதியில் கடைசி ஊதுலை 1997-ல் அணைந்தது. உலைகளை மொத்தமாக இடித்துத் தள்ளாமல், அவற்றைச் சுற்றியே பல்கலைக்கழக வளாகம் கட்டியிருக்கிறார்கள். 2022-ல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராகவும் எஷ் இருந்தது.

எக்டர்னாஹ், வியாந்தன், கிளெர்வோ

எக்டர்னாஹ் நாட்டின் மிகப் பழமையான ஊர். 698-ல் புனித வில்லிப்ரோர்ட் தொடங்கிய மடாலயம் இங்கு உள்ளது. பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, பக்தர்கள் கைக்குட்டைகளைப் பிடித்தபடி வரிசை வரிசையாகக் குதித்து ஆடிச் செல்லும் ஊர்வலம் நடக்கும். 2010-ல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

வியாந்தனில் மலை மேல் பெரிய கோட்டை இருக்கிறது. எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ 1871-ல் தங்கிய வீடு இன்று அருங்காட்சியகம். எட்டெல்புரூக் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.

வடக்கே கிளெர்வோ, ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். 1944 டிசம்பர் போரில் எரிந்து, மீண்டும் கட்டப்பட்ட கோட்டைக்குள் எட்வர்ட் ஸ்டைக்கனின் 'மனிதக் குடும்பம்' புகைப்படக் கண்காட்சி உள்ளது. 68 நாடுகளில் எடுத்த 503 படங்கள்! குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விசாவில் எதைக் கவனிக்கணும்?

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடும் வேண்டும். விசா கிடைத்தால் 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாட்கள் தங்கலாம்.

பலர் குழம்புவது எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான். எந்த ஷெங்கன் நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கணும். பாரிஸில் 5 நாள், லக்சம்பர்க்கில் 2 நாள் என்றால் பிரான்ஸிடம். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால், முதலில் கால் வைக்கும் நாட்டிடம். விசா நிராகரிக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்ப வராது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டாம்.

செலவு எப்படி?

பயணச் செலவு மிச்சம் என்றாலும், தங்குமிடமும் சாப்பாடும் விலை அதிகம். அதனால் ஹோட்டலை முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

கடைசியாக ஒரு தகவல்: உங்கள் விசாவில் இருக்கும் 'ஷெங்கன்' என்ற பெயரே லக்சம்பர்க்கின் ஒரு சின்ன கிராமத்தின் பெயர்தான். 1985 ஜூன் 14-ல், அங்கே மோசெல் ஆற்றில் நின்ற கப்பலில்தான் எல்லைச் சோதனைகளை நீக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஊருக்கும் பஸ் இருக்கிறது. டிக்கெட் வேண்டாம்!