சி. சுப்பிரமணியம்

சி. சுப்பிரமணியம் (1910–2000) இந்தியாவின் பசுமைப் புரட்சிக்கு அரசியல் அடித்தளம் அமைத்த தலைவர். மாநில அமைச்சராகத் தொடங்கி உணவு, நிதி, பாதுகாப்பு என மத்திய அரசின் முக்கியத் துறைகளையும் ஆளுநர் பதவியையும் வகித்தவர். அரசியல் வட்டாரத்தில் சுருக்கமாக ‘சி.எஸ்.’

பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் பிறகு சட்டமும் படித்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

1952இல் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். 1954இல் ராஜாஜி பதவி விலகியபோது, அவரது ஆதரவுடன் காமராஜரை எதிர்த்துச் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். காமராஜரோ அவரை ஒதுக்கவில்லை. தம் அமைச்சரவையிலேயே வைத்துக்கொண்டார். பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது கல்வி அமைச்சர் சி.எஸ்.தான்.

1962இல் மக்களவைக்குச் சென்று உருக்குத் துறையை ஏற்றார். 1964இல் லால் பகதூர் சாஸ்திரி உணவு, வேளாண் துறையைக் கொடுத்தார். நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்திருந்த காலம். நகரத்துக்கு மலிவாகத் தானியம் கிடைத்தால் போதும் என்ற பழைய போக்கை அவர் ஏற்கவில்லை. உழவனுக்குக் கட்டுப்படியாகும் விலை, நல்ல விதை, உரம், தண்ணீர் ஆகியவை ஒருசேரக் கிடைக்க வேண்டும் என்பது அவர் நிலை. 1965இல் வேளாண் விலை ஆணையம் அமைந்தது. அதே ஆண்டு இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.

புதிய ரக விதையை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் அந்நியச் செலாவணி செலவாகும் என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தயங்கினார், அமெரிக்காவைச் சார்ந்துவிடுவோம் என்றனர் இடதுசாரிகள். சி.எஸ். டெல்லியில் தம் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது, குட்டை ரகக் கோதுமையை விதைத்து வளர்த்துக் காட்டினார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்களும் வேளாண் செயலர் பி. சிவராமனும் அவருக்குத் துணை நின்றனர். 1964-65இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68இல் 1.65 கோடி டன்னைத் தாண்டியது.

அந்த அறுவடையின்போது அவர் அமைச்சராக இல்லை. மொழிப் பிரச்சினையும் அரிசித் தட்டுப்பாடும் தமிழகத்தில் காங்கிரசுக்கு எதிராகத் திரும்பியிருந்தன. இந்தித் திணிப்பை எதிர்த்து 1965 பிப்ரவரியில் ஓ.வி. அளகேசனுடன் மத்திய அமைச்சரவையிலிருந்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்தான் சி.எஸ். ஆங்கிலம் நீடிக்கும் என்று சாஸ்திரி உறுதியளித்த பிறகே பதவியில் தொடர்ந்தார். ஆனாலும் 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையம் தொகுதி அவரைத் தோற்கடித்தது.

1969இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது காமராஜரைப் பிரிந்து இந்திரா காந்தி பக்கம் நின்றார். 1971இல் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்குத் திரும்பினார். நெருக்கடி நிலைக் காலத்து நிதியமைச்சர் அவரே. வட்டார ஊரக வங்கிகள் 1975இல் தொடங்கின. 1976 பட்ஜெட்டில் உச்ச வருமான வரி விகிதத்தை 77 விழுக்காட்டிலிருந்து 66 ஆகக் குறைத்தார். பின்னர் இந்திராவை விட்டு விலகி, 1979இல் சரண் சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சரானார்.

1990இல் மகாராஷ்டிர ஆளுநரானார். பிரதமர் நரசிம்ம ராவைப் பற்றிய அவரது விமர்சனம் பத்திரிகைகளில் வெளியாகிச் சர்ச்சையானதும் 1993இல் பதவி விலகினார். 1998இல் பாரத ரத்னா பெற்றார். அவரது நூற்றாண்டை ஒட்டி, அவர் உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயத்தை மத்திய அரசு வெளியிட்டது.