ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கு

இசை கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாம் இங்கே பேசுவது காதைப் பற்றி.

டானியல் லெவிட்டின் 1957இல் பிறந்த அமெரிக்கர். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவிட்டு இசைக்குழுக்களில் வாசித்தார். 1980களில் சான் பிரான்சிஸ்கோவில் பாடல் தயாரிப்பாளராக இருந்தார். முப்பது வயது தாண்டிய பிறகுதான் மறுபடி படிக்கப் போனார். 1992இல் ஸ்டான்போர்டில் பட்டம், 1996இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். பிறகு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். (பிந்திப் படித்தால் பயனில்லை என்பவர்கள் கவனிக்க.)

1994இல் வெளியான அவருடைய ஆய்வொன்று எளிமையானது. 46 பேரிடம், தங்களுக்குப் பிடித்த இரண்டு பாடல்களை, போட்டுக் கேட்காமல், நினைவிலிருந்தே பாடச் சொன்னார். பாடிய சுருதியை அசல் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டார். 40 சதவீதமானோர் இரண்டில் ஒரு பாடலிலாவது அசலின் சுருதியையே பிடித்திருந்தார்கள். இவர்கள் இசைத் திறமைக்காகத் தெரிவானவர்கள் அல்லர். எந்தச் சுரம் என்று பெயர் சொல்லும் ஆற்றல் மிகச் சிலருக்கே உண்டு. ஆனால் கேட்ட சுருதியை மனதில் வைத்திருக்கும் ஆற்றல் சாதாரண மனிதரிடமும் இருக்கிறது, தனக்கு இருப்பது அவருக்கே தெரியாமல்.

இதை வாசித்தபோது எங்களுக்கு மீலாத் விழா ஒத்திகைகள்தான் ஞாபகம் வந்தன. கஸீதாக் குழுவுக்குப் பிள்ளைகளைத் தெரியும்போது, ஒரே ஒரு தரம் பாடவிட்டு, "உனக்குச் சரிவராது" என்று எத்தனை பேரைப் பின்வரிசைக்கு அனுப்பியிருப்போம். அவர்களில் சிலர் இன்று பிள்ளைகளின் உம்மா, வாப்பா. இன்னும் வாய் திறந்து பாடுவதில்லை.