பஞ்சம் வெட்டிய கால்வாய்

நம் கல்லூரியில் சரித்திரம் படித்தவர்களுக்கு சூயஸ் கால்வாயும் பனாமா கால்வாயும் மனப்பாடம். ஆனால் ஊருக்குள்ளேயே ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பற்றி எனக்குத் தெரிந்து ஒரு கேள்விகூட பரீட்சையில் வந்ததில்லை. "அதுவா? சாக்கடைதானே!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்துவிடுவோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நடந்தும் சைக்கிளிலும் படகிலுமாக அதில் ஒரு பகுதியைப் பார்த்து வந்தேன். மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும் இதைத்தான் எழுதத் தோன்றியது.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி பணம் போட, சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்கு முதல் பகுதி வெட்டப்பட்டது. அப்புறம் பழவேற்காடு வரை நீண்டது. 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கடைசியில் வடக்கே ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை, ஏறக்குறைய 420 கிலோமீட்டர்! கடலோர உப்பங்கழிகளை ஒன்றோடொன்று கோத்து இணைத்ததுதான் இதன் சூட்சுமம். விறகும் உப்பும் நெல்லும் இதன் வழியே சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கோல் ஊன்றித் தள்ளுவார்கள். அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள்.

நடந்து பார்த்தது

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நடுப்பகுதி சுமார் 8 கிலோமீட்டர். சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வழியாக இதை ஒட்டியே நடந்தேன். தலைக்கு மேலே பறக்கும் ரயில். அதன் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. நடுவே கறுப்புத் தண்ணீர்.

இந்த 8 கிலோமீட்டருக்குத்தான் பெரிய கதை இருக்கிறது. நம் பாட்டிமார் "தாது வருஷப் பஞ்சம்" என்பார்களே, அந்த 1876-78 பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்கு நிவாரண வேலையாக 1877-78-ல் வெட்டப்பட்டது இது. 1877-ல் வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஓர் ஆளுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைச் சாப்பிட்டுவிட்டு மண் வெட்ட வேண்டும்! மாகாண சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று எதிர்த்தார். சில மாதங்களில் கூலியைக் கொஞ்சம் கூட்டினார்கள். 1878-ல் கால்வாய்க்குப் பெயர் வைத்தபோது, அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் வந்தது. மண் சுமந்தவர்களுக்கு நான் நடந்த வழியில் ஒரு கல்லைக்கூடக் காணவில்லை.

சைக்கிளும் படகும்

திருவான்மியூருக்குத் தெற்கே சைக்கிள்தான் சௌகரியம். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே கால்வாய் போகிறது. சோழிங்கநல்லூர் தாண்டத் தாண்ட நாற்றம் குறைந்து கொக்கும் நாரையும் தென்படுகின்றன. முட்டுக்காட்டில் காயல் விரிகிறது. அங்கே படகில் ஏறி உட்கார்ந்தால், இதுவும் அதே தண்ணீர்ப் பாதையா என்று வியப்பு வரும். 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போனது இந்தக் கால்வாயில்தான். "மாவலிபுரச் செலவு" அப்படிப் பிறந்த கவிதை.

ரயிலும் லாரியும் வந்து வியாபாரத்தைக் கொண்டுபோயின. 1960-களிலும் 1976-லும் வந்த புயல்கள் கரைகளைச் சிதைத்தன. மிச்சத்தைச் சாக்கடையும் ஆக்கிரமிப்பும் பார்த்துக்கொண்டன. இருந்தாலும் 2004 சுனாமியின்போது கரையேறி வந்த கடல்நீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய்தான் வாங்கிக்கொண்டது. 2008-ல் இதை உள்ளடக்கி தேசிய நீர்வழி எண் 4 அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு இருக்கிறது, நகரத்துக்குள் படகைத்தான் காணோம்.

தூர் வார வேண்டும், கழிவுநீரைத் தடுக்க வேண்டும், எல்லாம் சரி. ஆனால் சாக்கடை என்று நினைக்கிற வரைக்கும் யாரும் அதற்காகக் குரல் கொடுக்க மாட்டார்கள். பசியோடு வெட்டியவர்களின் உழைப்பு என்று தெரிந்தால் கொடுப்பார்கள். ஆகவே நண்பர்களே, சங்கக் கூட்டத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை நடக்கலாம், வாருங்கள். பேரன் பேத்திகளையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். மூக்கைப் பொத்திக்கொள்ள கைக்குட்டை ஒன்று போதும். காபி என் செலவு!