பேச்சும் பாட்டும் பிரிந்த கதை

தமிழ்ப் பேசும் படத்தின் ஆரம்ப காலத்தில், ஒரு தடவை பிலிமில் ஏறிவிட்ட சப்தத்திலிருந்து பேச்சைத் தனியாகவும் பாட்டைத் தனியாகவும் பிரித்தெடுப்பதென்பது எத்தனை பெரிய நிபுணராலும் ஆகாத காரியமாக இருந்தது. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் எச். எம். ரெட்டியின் ‘காளிதாஸ்’ வெளியானபோது, தமிழும் தெலுங்கும் கலந்த சம்பாஷணை, டி. பி. ராஜலக்ஷ்மியின் பாட்டு, பக்கவாத்தியம், அரங்கில் தற்செயலாக எழுந்த சந்தடி ஆகிய யாவும் அந்தப் பிலிமின் ஓரத்திலே ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. நாடகக் கொட்டகையில் வசனம் பாட்டாகவும் பாட்டு வசனமாகவும் நொடிப்பொழுதில் மாறுவதைக் கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றியிருக்கக் காரணமில்லை. குறையாகத் தோன்றியது படத்தொழிலில் இருந்தவர்களுக்குத்தான். அந்தக் குறையைப் போக்க அவர்கள் பட்ட பாடே தமிழ் சினிமாவின் சப்த சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயம் என்பது என் அபிப்பிராயம்.

‘காளிதாஸ்’ பம்பாயில், அதே ஆண்டு மார்ச்சு 14-ஆம் தேதி வெளியான ‘ஆலம் ஆரா’வைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் ஸ்டூடியோவிலே எடுக்கப்பட்டது. அங்கே கையாண்ட முறையில் படமும் சப்தமும் ஒரே காமிராவில், ஒரே நெகட்டிவின் மீது பதிவாயின. பக்கத்தில் ஓடிய ரயில் வண்டிகளின் இரைச்சல் புகுந்துவிடும் என்று அஞ்சி, ‘ஆலம் ஆரா’வின் பெரும் பகுதியை இரவு வேளைகளிலே படம் பிடித்தார்கள். நடிப்பவரே பாட வேண்டும். பாடிக்கொண்டே நடிக்க வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் காமிராவின் பார்வைக்குத் தப்பி, செடி மறைவிலோ படுதாவுக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பாட்டின் கடைசி அடியில் ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து மறுபடியும் எடுப்பதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீநிவாசா சினிடோன் என்ற ஸ்டூடியோவை நிறுவி ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’ எடுத்தபோது, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகாமல் சென்னையிலேயே பேசும் படம் எடுக்கலாம் என்று நிரூபணமாயிற்று. அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன் அங்கே சப்தப் பதிவுப் பொறுப்பை ஏற்று நடத்தினார் என்பதை, இந்தத் தொழிலின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இன்னும் உரத்த குரலில் சொல்ல வேண்டும்.

பிலிமின் மேல் சப்தம் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் படச் சட்டங்களுக்கும் துளைகளுக்கும் இடையே, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு ஓடும். ஒரு முறையில் அது சப்தத்துக்கு ஏற்றபடி அகன்றும் குறுகியும் சிகரங்கள் நிறைந்த வடிவமாகத் தோன்றும். மற்றொரு முறையில் கறுப்பும் சாம்பலுமான குறுக்குக் கோடுகளாகத் தோன்றும். விளக்கின் ஒளி மெல்லிய பிளவின் வழியாக அதன் மேல் விழுந்து, மறுபுறத்தில் உள்ள போட்டோ செல்லில் மின்சாரமாக மாறி, ஒலிபெருக்கியில் குரலாக எழும். விநாடிக்கு 24 சட்டங்கள், நிமிஷத்துக்கு 90 அடி என்ற கணக்கில் ஓடும் அந்தப் பிலிமில், ஒரு சட்டத்துக்கு உரிய சப்தம் அந்தச் சட்டத்துக்கு நேரே இராமல் 20 சட்டங்கள் முன்னே தள்ளியிருக்கும். ஆகையால் படமும் சப்தமும் சேர்ந்தே பதிவான பிலிமை எடிட்டர் ஓர் இடத்தில் வெட்டினால், வேறோர் இடத்தின் வார்த்தை அறுபட்டுப் போகும். சப்தத்துக்கென்று தனி நெகட்டிவ் வந்த பிறகே அந்தச் சங்கடம் தீர்ந்தது.

தனி நெகட்டிவ் வந்ததும், எடிட்டிங் மேஜையில் அநுபவம் முதிர்ந்தவர்கள் சவுண்ட் டிராக்கை ஒலிக்கவிடாமலே, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கண்ணாலே வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். பேச்சு இருக்கும் இடத்தில் கோடு கொத்துக் கொத்தாக எழும்பும்; ககரமும் டகரமும் பகரமும் வாய்க்குள்ளே காற்றைத் தடுத்து நிறுத்தும் கணந்தோறும் இடையிடையே வெறுமை தெரியும்; வாக்கியம் முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் அந்த வெறுமை நீண்டிருக்கும். சங்கீதம் இருக்கும் இடத்திலோ வெறுமை அரிது. ஒரு ஸ்வரம் ஓய்வதற்குள் மற்றொன்று எழுந்துவிடுவதால், கோடு இடைவிடாத நெளிவாகப் போய்க்கொண்டிருக்கும். இது ஏதோ கைத்தொழில் சாமர்த்தியம் மாத்திரம் அன்று. பேச்சுக்கும் பாட்டுக்கும் உள்ள இயற்கையான பேதத்தையே அந்தக் கண்கள் கண்டுகொண்டன.

அந்தப் பேதத்தை நம்முடைய முன்னோர் யந்திரம் எதுவும் இல்லாமலே வரையறுத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்து, குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை, மெய் அரை மாத்திரை என்று வகுத்துக்கொண்டு போய், நூன்மரபின் முடிவிலே, இசையோடு சேரும்போது எழுத்துக்கள் தமக்குரிய அளவைக் கடந்து ஒலிப்பதும் உண்டு, ஒற்றுக்களும் நீள்வது உண்டு என்று இசை நூலார் துணிபை எடுத்துச் சொல்கிறது. பேச்சிலே எழுத்து காலத்துக்குக் கட்டுப்பட்டது. பாட்டிலே அந்தக் கட்டு தளர்கிறது. இந்த ஒரு நுட்பம் கைவசம் இருந்தால், பின்னே வந்த விஞ்ஞானிகள் செய்ததன் தாத்பரியம் எளிதில் விளங்கும்.

தொழில் வேறு வழியாகப் பிரிவினையை நாடியது. கலந்த பிறகு பிரிக்க முடியாதென்றால், கலப்பதற்கு முன்பே தனித்தனியாகப் பதிவு செய்துகொள்வதே உபாயம். 1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் ‘தூப் சாவ்ன்’ என்ற ஹிந்திப் படத்தில், பாட்டை முன்கூட்டிப் பதிவு செய்து, பிறகு அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை வாயசைக்கச் செய்தார்கள். தமிழில் அந்த முறையை 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பன் கையாண்டார், திரையில் ஒரு பெண்ணின் முகம் தோன்ற, லலிதா வெங்கட்ராமனின் குரல் ஒலித்தது. பேசுகிற கண்டமும் பாடுகிற கண்டமும் ஒரே பாத்திரத்துக்குள்ளே இரண்டாகப் பிரிந்த அந்த நாளைத் தமிழ்ச் சினிமா கொண்டாடியதாகத் தெரியவில்லை. ஆயினும் பின்னே வந்த பின்னணிப் பாடகர் பரம்பரை முழுவதற்கும் அதுவே ஆதி.

மெய்யப்பன் அத்துடன் நிற்கவில்லை. 1943-இல் கன்னடத்தில் எடுத்த ‘சத்ய ஹரிச்சந்திரா’வின் உதட்டசைவுக்குப் பொருந்தத் தமிழ் வசனம் எழுதுவித்து, 1944-இல் ‘ஹரிச்சந்திரா’வாக வெளியிட்டார், இந்தியாவில் ஒரு பாஷையிலிருந்து மற்றொரு பாஷைக்கு டப்பிங் செய்யப்பட்ட முதல் படம் என்ற பெயர் அதற்கு உண்டு. மறு ஆண்டு ‘ஸ்ரீவள்ளி’ வந்தது. முருகனாக நடித்த டி. ஆர். மகாலிங்கத்தின் உச்ச ஸ்தாயிக்கு ஈடாக, வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டு அமையவில்லை என்று கருதி, படம் முடிந்த பிறகு, பி. ஏ. பெரியநாயகியை அழைத்து, ஏற்கெனவே படமாகிவிட்ட உதடுகளின் அசைவைப் பார்த்துப் பாடச் செய்து, அந்தக் குரலைப் பழைய குரலின் இடத்தில் வைத்தார்கள். முன்பே பாடிவைத்ததற்கு வாயசைப்பது எளிது; அசைந்து முடிந்த வாய்க்குப் பொருத்தமாகப் பாடுவது, கமகமும் தாளமும் தவறாமல் பாடுவது, எத்தனை கடினம் என்பதைச் சங்கீதம் அறிந்தவர்கள் உணர்வார்கள். பெரியநாயகியின் அந்தச் சாதனைக்கு உரிய கௌரவம் இன்னும் கிடைக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

டப்பிங் பெருகப் பெருக ஒரு நியதி பிறந்தது. வசனத்தின் அடியில் வீணையோ வயலினோ ஒலித்துக்கொண்டிருக்கையில், வசனத்தை நீக்கினால் வீணையும் சேர்ந்து போய்விடும். ஆகவே வசனம் ஒரு டிராக், இசை ஒரு டிராக், காலடி, கதவு, மழை போன்ற எஃபெக்ட்ஸ் ஒரு டிராக் என்று தனித்தனியே வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. காந்தப் பூச்சுள்ள பிலிமும் டேப்பும் புழக்கத்துக்கு வந்த பிறகு இந்த ஏற்பாடு சுலபமாகியது. ஆர்.ஆர். என்று தொழிலில் சுருக்கமாக வழங்கும் ரீ-ரெக்கார்டிங்கின்போது, திரையில் ரீல் ஓட, வாத்தியக் கோஷ்டி எதிரே உட்கார்ந்து வாசிக்கும். கடைசியில் மிக்ஸிங் மேஜையில் சவுண்ட் என்ஜினீயர் எல்லாவற்றையும் கூட்டியும் குறைத்தும் ஒரே டிராக்காகச் சேர்ப்பார். கொட்டகைக்குப் போனது அந்தச் சேர்க்கை மாத்திரமே. அகில இந்திய வானொலி ‘ஒலிச்சித்திரம்’ என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அளித்தபோது, திரையே இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் கேட்டு அநுபவித்ததும் அதையேதான்.

இவ்வளவு சிரமப்பட்டுப் பிரித்து வைத்தவற்றை நாம் காப்பாற்றினோமா? ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பிற்காலப் படங்கள் பலவற்றுக்குக் கொட்டகைப் பிரதி இருக்கிறது, தனித்தனி டிராக்குகள் இல்லை. காந்த பிலிமில் பழையதை அழித்துப் புதியதைப் பதிவு செய்யலாம் என்ற சௌகரியமே அவற்றுக்கு யமனாகவும் ஆயிற்று. அழியாமல் தப்பியவற்றிலும் அசிட்டேட் பிலிம் புளித்த வாசனை வீசிச் சுருங்கிப் போகும் இயல்புடையது.

ஆகவேதான் கலந்ததைப் பிரிக்கும் வித்தைக்கு இன்று மறுபடியும் அவசியம் ஏற்பட்டிருக்கிறது. 1996-இல் ஜான் சாண்டர்ஸ் என்பவர், சப்த அலை நடுக்கோட்டை எத்தனை தடவை கடக்கிறது என்று எண்ணி, வானொலியில் வருவது பேச்சா சங்கீதமா என்று யந்திரமே உடனுக்குடன் சொல்லும் முறையை வெளியிட்டார். மறு ஆண்டு எரிக் ஷைரரும் மால்கம் ஸ்லேனியும் 13 லட்சணங்களைப் பரீட்சித்தார்கள். அவற்றுள் ஒன்று, அசைகள் எழுந்து அடங்குவதால் பேச்சின் பலம் விநாடிக்கு ஏறக்குறைய 4 தடவை ஏறி இறங்குகிறது என்ற உண்மையை ஆதாரமாகக் கொண்டது. 2.4 விநாடி நீளமுள்ள துண்டுகளில் அவர்கள் கண்ட பிழை 1.4 சதவீதமே. எடிட்டர் வெளிச்சத்தில் பார்த்த வெறுமையும், தொல்காப்பியர் சொன்ன மாத்திரையும் அந்தக் கணக்குக்குள்ளே இருக்கின்றன.

அடையாளம் காண்பதோடு நில்லாமல், பிரித்தெடுக்கவும் யந்திரங்கள் இப்போது பழகிவிட்டன. 1969 ஜனவரியில் லண்டனில் பீட்டில்ஸ் கோஷ்டியாரின் ஒத்திகையை ஒற்றை டிராக்கில் பதிவு செய்திருந்தார்கள். அந்தரங்கப் பேச்சு பதிவாகாதிருக்க அவர்கள் கிட்டாரை உரக்க மீட்டினார்கள் என்று இயக்குநர் பீட்டர் ஜாக்சன் சொல்லியிருக்கிறார். 2021-இல் வெளிவந்த தம்முடைய ‘கெட் பேக்’ படத்துக்காக அவர், கிட்டாரை விலக்கி, அடியிலே மறைந்திருந்த பேச்சை வெளிக்கொணர்ந்தார். ஆனால் தாளமில்லாத விருத்தத்தையும், ஒப்பாரியையும், தெருக்கூத்தில் கட்டியங்காரன் இழுத்துப் பேசும் வசனத்தையும் பேச்சு என்பதா, பாட்டு என்பதா? நம் காதே தயங்கும் இடம் அது. வேறு தேசத்து வானொலியைக் கேட்டுப் பயின்ற யந்திரம் அங்கே தவறினால் ஆச்சரியப்படுவதற்கில்லை. அந்த இடங்களைக் கேட்டுக் குறித்துக் கொடுக்க வேண்டியவர்கள் கூத்தும் விருத்தமும் அறிந்த தமிழர்களே.

யந்திரம் பிரித்துத் தரும் குரல், கலப்பதற்கு முன் பதிவான குரலுக்கு ஈடாகாது. பிரிக்கும்போது இழந்த நுட்பத்தை அது அநுமானத்தால் நிரப்புகிறது. ஆதலால், பழைய தயாரிப்பாளர் குடும்பங்களிலும் மூடப்பட்ட ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வசன டிராக், இசை டிராக் என்று எழுதிய தகர டப்பாக்கள் இன்னும் இருக்குமானால், அவற்றைப் பழைய சாமான் வியாபாரிக்குப் போடாமல், புனாவில் 1964-இல் ஏற்பட்ட தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கேனும் பிரதியெடுக்கத் தக்க வேறு நூலகங்களுக்கேனும் உடனே ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.