தாட்கீற்றில் ஓடும் பொறி

கணிப்பொறியின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் இரும்பும் கம்பியும் கொண்ட பொறிகளிலிருந்தே தொடங்குவர். ஆயின் இலத்திரன் கணிப்பொறிகள் தோன்றுமுன்னரே, எவரும் செய்து பாராத பொறியொன்று தாளிற் பிறந்துவிட்டது. கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த அலன் ரியூறிங் 1936ஆம் ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் அதனை விவரித்தார். ஒரு கூற்று நிறுவத்தக்கதா அன்றா என்பதைப் பொது விதிமுறையொன்றால் எப்பொழுதும் தீர்மானிக்க முடியுமா என்னும் ஹில்பேட்டின் வினாவுக்கு, முடியாது என விடை பகர்வதே அவர் நோக்கம். பொறி அதற்கு ஓர் ஏது மாத்திரமே.

அதன் அமைப்பு மிக எளிது. சதுரங்களாகப் பகுத்த முடிவிலா நாடா ஒன்று. ஒரு வேளையில் ஒரு சதுரத்தை மட்டும் நோக்கும் தலை. எந்நிலையில் எக்குறியைக் கண்டால் யாது செய்க என விதிக்கும் அட்டவணை. ரியூறிங் காட்டிய முதல் உதாரணத்துக்கு நான்கு நிலைகளே உள. முதல் நிலையில் 0 எழுதி வலப்புறம் நகர்க. இரண்டாவதில் வாளா நகர்க. மூன்றாவதில் 1 எழுதி நகர்க. நான்காவதில் வாளா நகர்ந்து முதல் நிலைக்கு மீள்க. கட்டக் கொப்பியிலிருந்து ஒரு கீற்றை வெட்டி, பொத்தானொன்றைத் தலையாக வைத்து எம்மாணவரும் இதனை இயக்கலாம். ஒன்றுவிட்ட சதுரங்களில் 0, 1 மாறி மாறித் தோன்றும். கீற்று முடிந்தால் வேறொன்றை ஒட்டுக. முடிவிலா நாடா என்பதன் பொருள் நடைமுறையில் அவ்வளவே. இது விளையாட்டன்று. ரியூறிங் தமக்கு மாதிரியாகக் கொண்டதும் தாளும் பென்சிலும் கொண்டு கணிக்கும் மனிதனையே.

பிற பொறிகளின் அட்டவணையை நாடாவிற் பெற்று அவற்றைப் போலவே ஒழுகும் பொதுப்பொறியும் அக்கட்டுரையில் உண்டு. பாவனைப் பொறிகளுக்கெல்லாம் அதுவே மூதாதை எனலாம். ஆயின் அதன் அட்டவணைகளிற் பிழைகள் இருந்தன. எமில் போஸ்ட் 1947இற் சிலவற்றைச் சுட்டினார். இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் ரியூறிங்குடன் பணியாற்றிய டொனால்ட் டேவிஸ் என்னும் இளைஞர் வேறு பிழைகளைக் கண்டு, உவகையுடன் அவரிடம் சென்று கூறினார். கொள்கைக்கு இதனால் ஊறில்லை என ரியூறிங் சினந்தாராம். கொள்கையளவில் அவர் கூறியது சரியே. ஆயினும் அட்டவணையை வரிவரியாக நடத்திப் பார்க்கும் மாணவனுக்கு ஒரு குறி பிறழ்ந்தாலும் பொறி நின்றுவிடும். அவன் பக்கம் நின்றவர் டேவிஸே. அவருடைய திருத்தங்கள் 2004இலேயே நூலொன்றில் அச்சேறின.

1968இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர் பாடசாலை மாணவர்க்கென 'காடியாக்' என்னும் அட்டைப் பொறியை வெளியிட்டனர். அது ரியூறிங்கின் நாடாப்பொறி அன்று. கட்டளைகளை நினைவிற் பதித்து ஒழுகும் கணிப்பொறியின் போலி. நினைவறைகள் நூறு, கட்டளை வகைகள் பத்து. மின்சாரம் வேண்டுவதில்லை. கூட்டலையும் கழித்தலையும் மாணவரே பென்சிலாற் செய்வர். அடுத்த கட்டளை எவ்வறையில் உளது என்பதைக் காட்ட, அட்டையில் வெட்டிய சிறு வண்டொன்று அறைக்கு அறை கையால் நகர்த்தப்பட்டது.